ஆறாவது பாவம்

எங்கள் ஆட்டத்தில் புண்ணியங்கள் ஐந்து, பாவங்கள் ஆறு. போன வருஷம் வரைக்கும் பாவமும் ஐந்தாகத்தான் இருந்தது. ஆறாவதைச் சேர்த்த புத்திசாலி நான்தான்.

அமெரிக்காவில் ஈரி நகரத்தில், ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் போலந்துக்காரர்கள் கிளப்பில் நான் பாரைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே பின்னறையில் கூடுகிற பத்துப் பேர்தான் எங்கள் லீக். கற்பனை பேஸ்பால். மார்ச் மாதம் ஆளுக்கொரு அணி எடுப்பார்கள். ஆட்டக்காரர்கள் நிஜம், அணி மட்டும் போனுக்குள். அந்தப் பையன்கள் எங்கோ மேற்குக் கரையில் ஆடுவார்கள். அவர்கள் செய்வதெல்லாம் இங்கே இவர்கள் கணக்கில் ஏறும். வாரத்துக்கு ஒருவரோடு மோதல். நான் ஆடுவதில்லை. விதிகளைக் கட்டிக் காப்பதும் சண்டையை விலக்கிவிடுவதும் என் வேலை. அதனால் என்னைக் கமிஷனர் என்பார்கள், பாதி மரியாதை, பாதி நக்கல்.

மற்ற லீக்குகள் அடித்ததை மட்டும் எண்ணும். எங்கள் லீக் தப்பையும் எண்ணும். கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிடுவது, மூன்று வீச்சிலும் காற்றைச் சுழற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது, ஒரே அடியில் தன்னோடு கூட்டாளியையும் அவுட்டாக்குவது, அடுத்த தளத்தைத் திருட ஓடி மாட்டிக்கொள்வது, பந்தைத் தாறுமாறாக எறிந்து எதிராளியைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிடுவது. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவர்கள் என்பதால் இவற்றுக்குப் பாவம் என்று பெயர் விழுந்துவிட்டது. ரன், ஹோம் ரன் வகையறா புண்ணியம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரிவு. புண்ணியத்தில் அதிகம் வைத்திருப்பவனுக்கு அந்தப் பிரிவு. பாவத்தில் குறைவாக வைத்திருப்பவனுக்கு அந்தப் பிரிவு. வாரக் கடைசியில் எவன் கையில் அதிகப் பிரிவுகள் இருக்கிறதோ அவன் ஜெயித்தான். ஐந்துக்கு ஐந்து என்று சமனில் முடிந்து முடிந்து எனக்கு அலுத்துப்போய், எறிந்த பந்தால் மட்டைக்காரனின் உடம்பைப் பதம் பார்ப்பதையும் இந்த மார்ச்சில் ஒரு பாவமாகச் சேர்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நார்ப் மட்டும் அன்றைக்கு வரவில்லை. அவன் எதையும் கேட்கும் நிலையில் இல்லை.

பாவத்தை எண்ணலாம் என்ற யோசனையே, நார்ப் என்று நாங்கள் கூப்பிடும் நார்பர்ட்டுடையதுதான். ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சாமானைக் கையில் கொடுத்தால் எது கோணல் என்பதுதான் அவன் கண்ணில் முதலில் படும். மற்றவர்கள் ஹோம் ரன் அடிப்பவன் பின்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடும்போது, அவன் யாரும் சீண்டாத, முட்டி தேய்ந்த இரண்டாம் தள ஆளை எடுப்பான். "அண்ணே, இவன் ஓட்டத்துக்கு எங்க பாட்டியே முந்திடுவாங்களே" என்று டெல்மர் கிண்டல் செய்வான். டெல்மர் எங்களில் சின்னவன், டயர் கடை வைத்திருக்கிறான், வாய் மூடாது. நார்ப் சிரிக்காமல், "ஓடாதவன் மாட்ட மாட்டான் தம்பி" என்பான். செப்டம்பரில் பார்த்தால் நார்ப்தான் முதலிடத்தில் இருப்பான்.

பக்கத்து ஸ்டூலில் அவன் மனைவி ரோசலி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு விதிகள் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மறுத்துவிட்டாள். டிவியில் ஒரு பையன் பந்தை நழுவவிட்டால், "ஐயோ பாவம், கொழந்த" என்பாள். "நம்ம கணக்குலயும் பாவம்தான்டி" என்பான் நார்ப். அது அவர்களுக்குள் பழகிப்போன வேடிக்கை.

ஜனவரியில் ரோசலி போய்விட்டாள். மூச்சு வாங்குகிறது என்று மாடி ஏறும்போது உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்குள் போன நார்ப் கதவைச் சாத்திக்கொண்டான். ரோசலியின் அண்ணன் வின்ஸ் வாரா வாரம் போய்த் தட்டுவான். சில நாள் திரைச்சீலை அசையும், கதவு அசையாது. நான் கொண்டுபோய் வைத்த சூப்புப் பாத்திரம் படியிலேயே உறைந்து கிடந்தது. பாதிரியார் போய்ப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

லீக்கின் போன் குரூப்பில் மட்டும் பதில் போடுவான். பெரிய பதில் இல்லை. "சரி" என்பான். "பார்த்தேன்" என்பான். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த அத்தாட்சி அது ஒன்றுதான். அதனால் யாராவது ஒருத்தர் தினமும் வேண்டுமென்றே அவனிடம் ஏதாவது கேட்போம். பந்து எறிகிற பிட்சரில் யாரை வைக்கலாம், எவன் முட்டி எப்படி இருக்கிறது என்று. "சரி" வந்ததும் அன்றைக்குத் தூக்கம் வரும்.

ஆனால் அணியை அவன் கவனிக்கவே இல்லை. அடிபட்டு வீட்டில் இருப்பவர்களைக்கூட மாற்றாமல் அப்படியே விட்டு வைத்திருந்தான். கோடை முழுக்கத் தோற்றான். ஆகஸ்டில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டான்.

கடைசி இடம் என்றால் எங்கள் லீக்கில் வெளியே. அணியும் போகும், குரூப்பும் போகும். காத்திருப்பவர்களில் ஒருவர் உள்ளே வருவார். இந்த விதியைக் கொண்டுவந்தவனும் நார்ப்தான். தன் சொந்தத் தம்பியையே அதன்படி ஒரு வருஷம் வெளியே அனுப்பினான், முகம் கோணாமல். நான் ஆகஸ்டில் மெதுவாக, இந்த ஒரு வருஷம் அந்த விதியைத் தள்ளிவைக்கலாமா என்று குரூப்பில் கேட்டுப் பார்த்தேன். ஜனவரிக்குப் பிறகு அவன் எழுதிய மிக நீளமான பதில் அப்போது வந்தது. "எனக்காகவா? என்மேல் இரக்கப்பட்டு ஒரு விதியை மாற்றினால் அன்றைக்கே நானாகப் போய்விடுவேன்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

கடைசி வாரம் வந்தது. நார்ப் ஜெயித்தால் டெல்மரைத் தாண்டி மேலே வந்துவிடுவான். சமன் போதாது, ஜெயிக்க வேண்டும். எதிரே யார் என்று பார்த்தால் வின்ஸ். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் மதியம் அவன் கிளப்புக்கு வந்து, பார்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு குரலைத் தணித்தான்.

"லோர்னா, நான் தோக்கப் போறேன்."

"எதுல?"

"மாப்ளகிட்ட. கமிஷனரா இல்லாம மனுஷியா கேளு. அவன வெளிய அனுப்பினா அப்புறம் எந்தக் கதவத் தட்டுவோம் நாம? ரோசலி எனக்கு ஒரே தங்கச்சி. அவ விட்டுட்டுப் போனது இந்த ஒரு ஆளத்தான்."

"வேணும்னே தோத்தா கண்டுபிடிச்சிடுவான் வின்ஸ். அவன் கண்ணுக்குத் தப்புமா?"

"அதுக்கும் வழி வச்சிருக்கேன். காட்டுக்குள்ள நம்ம கேம்ப் இருக்குல்ல, அங்க போயிடறேன், மீன் பிடிக்க. சிக்னல் செத்தாலும் கெடைக்காது. போறதுக்கு முன்னாடி ஆளுங்களை மாத்த மறந்துட்ட மாதிரி, அடிபட்டுக் கெடக்கறவன் எல்லாரையும் அணியில விட்டுட்டுப் போறேன். ஒருத்தனும் ஆட மாட்டான். வெறும் முட்டை. மாப்ள சும்மா கையை வீசிகிட்டு ஜெயிச்சிடுவான். நீ கண்ண மூடிக்கோ, அவ்வளவுதான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது மட்டும் இல்லை, அந்த வாரம் அவர்கள் மோதலின் பக்கத்தையே திறந்து பார்ப்பதில்லை என்றும் வைராக்கியமாக இருந்தேன். பின்னால் யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ண வசதியாக இருக்கும் பாருங்கள். அவ்வளவு சாமர்த்தியம்.

நாங்கள் இரண்டு பேரும் பேஸ்பாலில் ஊறியவர்கள். ஆடாதவன் தோற்பான் என்பது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டோம். எங்கள் லீக்கில் அது உண்மை இல்லை என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

திங்கள்கிழமையே நார்ப் எங்களை ஆச்சரியப்படுத்தினான். காலையில் குரூப்பில் அவன் தானாக எழுதினான்: "மச்சான் இந்த வாரம் என்னிடம் மாட்டினான்." பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்மர் உடனே வம்பிழுத்தான், நார்ப் திருப்பிக் கொடுத்தான். அணியை அடியோடு மாற்றியிருந்தான். வின்ஸின் ஆட்கள் பலமாக அடிப்பவர்கள், அதே அளவுக்குப் பாவமும் செய்பவர்கள். அவர்களை ஜெயிக்க வேண்டுமானால் பாவத்துக்குப் பயப்படாமல் புண்ணியத்தைக் குவிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். தன் முட்டி தேய்ந்த ஆட்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு, யாரும் எடுக்காமல் கிடந்த வேகமான இளைஞர்களைச் சேர்த்திருந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக நார்ப் துணிந்து ஆடினான்.

வெள்ளிக்கிழமை எங்கள் கிளப்பில் மீன் வறுவல். ஏரி மீன், கோஸ் சாலட், கூட்டம் நிரம்பி வழியும். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், தன் பழைய ஸ்டூலில் நார்ப் உட்கார்ந்திருக்கிறான். முகம் மழித்து, சட்டை இஸ்திரி போட்டு. தட்டைக் கீழே போடாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

"என்னா கமிஷனர், பேயைப் பாத்த மாதிரி பாக்கற? மீன் உண்டா இல்லையா?"

"உனக்கு இல்லாததா. எங்கடா இருந்த இவ்வளவு நாளா?"

"வீட்லதான். சரி, இத விடு. என் மச்சான் பண்ணியிருக்கற வேலையைப் பாத்தியா?"

"நான் எதையும் பாக்கல."

"பாக்கலையா? நீ என்ன கமிஷனர்!" என்று போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரு. அணி மொத்தமும் காலி. ஒருத்தன் ஆடல. மொதல்ல நானும் மறந்துட்டான் போலன்னு நெனச்சேன். செவ்வாக்கெழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம்தான் வெளங்குச்சு. ஆடாதவன் பாவம் பண்ண மாட்டான், லோர்னா! புண்ணியம் அஞ்சும் எனக்கு. பாவம் ஆறும் அவனுக்கு. ஆறுக்கு அஞ்சு. சும்மா கேம்ப்ல குந்திகிட்டு ஜெயிக்கறான் பாவி! இத்தன வருஷத்துல இந்த ஓட்டை ஒருத்தன் கண்ணுக்கும் படல. எனக்கே படல. அஞ்சா இருந்த வரைக்கும் சமனாத்தான் வரும். நீ ஆறாவது சேத்ததும் கப்புனு புடிச்சிட்டான் பாரு!"

ஒரு மீன் தட்டை அவன் முன்னால் வைத்தேன்.

"உன் ஆளுங்களயும் உக்கார வச்சிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எதைக் காப்பாத்த? திங்கள் செவ்வாய்க்குள்ளயே ஆறு பாவத்துலயும் என் கை பட்டாச்சு. பூஜ்யத்த விடக் குறைவா நான் எப்படிப் போறது?" அவன் மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். ஆமாம், சிரித்தான். "அவனா ஒரு ஆள இறக்கினாத்தான் எனக்கு வழி. இறக்க மாட்டான். இப்ப இறக்கறவன் முட்டாள். என் மச்சானுக்கு இவ்வளவு மூளைன்னு ரோசலிகூடச் சொல்லல. இருக்கட்டும், ஞாயித்துக்கெழமை வரைக்கும் யோசிப்பேன். விட்டுட மாட்டேன்."

தோற்றுக்கொண்டிருந்த மனிதனின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பல மாதமாகச் செத்துக் கிடந்த ஒருவனை எவனோ சட்டையைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிட்ட மாதிரி இருந்தான்.

சனிக்கிழமை கிளப்பை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் காட்டுக்கு வண்டியை விட்டேன். வின்ஸ் ஓடைக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், தூண்டில் பக்கத்தில், மனசு லேசான ஆள் மாதிரி. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினான்.

"எவ்வளவுல தோத்துகிட்டு இருக்கேன்?"

"ஜெயிச்சுகிட்டு இருக்கடா முட்டாள்!"

விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு விரல்விட்டுப் பிரிவுகளை எண்ணினான். ஆறாவது விரலுக்கு அடுத்த கையைத் தூக்கியதும் அப்படியே நின்றான். தூண்டில் தண்ணீரோடு போனது, அதைப் பிடிக்கவும் இல்லை.

"என் கையாலயே அவன் கழுத்தப் புடிச்சு..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அன்றைய ஆட்டங்கள் அதற்குள் தொடங்கிவிட்டதால், மறுநாள் காலை நாங்கள் இருவரும் அவன் டிரக்கில் மலைமேல் இருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போனோம். அங்கேதான் சிக்னல் வரும். நிலைமையைப் பார்த்தோம். நார்ப்பின் பாவங்கள் ஒரு வாரத்துப் பாவங்கள். ஒரே நாளில் அவற்றைத் தாண்ட எந்த அணியாலும் முடியாது. ஒன்றைத் தவிர. பந்தைக் கோட்டைவிடுவதில் மட்டும் நார்ப்பின் ஆட்கள் வாரம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் தவறியிருந்தார்கள். தேர்ந்தெடுத்தவன் நார்ப் ஆயிற்றே, துணிச்சலிலும் கை சுத்தம். வின்ஸின் ஆட்கள் இன்றைக்கு இரண்டு தடவை கோட்டைவிட்டால் அந்தப் பிரிவு நார்ப்புக்குப் போகும். ஆறுக்கு ஐந்தில் நார்ப் ஜெயிப்பான்.

"அப்ப நல்ல கையெல்லாம் எதுக்கு? ஓட்டக் கையா தேடு" என்றேன்.

அன்றைக்கு நாங்கள் செய்த தேர்வை எந்தப் பைத்தியமும் செய்திருக்காது. நாட்டில் இருக்கும் ஆட்டக்காரர்களிலேயே பந்தை அதிகம் நழுவவிடுகிறவன் யார் யார் என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். பிட்சர் ஒருத்தனும் வேண்டாம். மூன்றாம் தளத்துக்கு ஒரு பையன், அவனை அவன் அணியே ஒளித்து வைத்திருந்தது, அன்றைக்குப் பார்த்து இறக்கியிருந்தார்கள். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் ஒருவன், எறிந்தால் பார்வையாளர் மடியில் விழும். இடதுபக்கத்துக்கு ஒரு கனமான ஆள், பந்து மேலே போனால் தலை சுற்றிப்போய் நிற்பான். எல்லாரையும் அணியில் இறக்கிவிட்டு, டிரக்குக்குள் உட்கார்ந்து சின்னத் திரையை வெறித்தோம்.

முதல் பிழை சீக்கிரமே கிடைத்தது. ஷார்ட்ஸ்டாப் வழக்கம்போல் வானத்துக்கு எறிந்தான். "போடு!" என்று வின்ஸ் ஸ்டீயரிங்கைக் குத்தினான். இன்னும் ஒன்று போதும். அதற்குப் பிறகு அந்தப் பையன்களுக்கு என்ன வந்ததோ தெரியாது. மூன்றாம் தளத்துப் பையன் தரையோடு வந்த பந்தைப் பாய்ந்து பிடித்தான், அரங்கமே எழுந்து நின்றது. "ஏண்டா இன்னிக்குத்தானா உனக்கு ஞானம் வரணும்" என்று வின்ஸ் கத்தினான். பெட்ரோல் போட வந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெற்றவர்கள் வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் தவற வேண்டும் என்று இரண்டு கிழடுகள் கைகூப்பாத குறையாக வேண்டிக்கொண்டிருந்தோம்.

கடைசி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பந்து உயரமாக இடதுபக்கம் போனது. எங்கள் கனமான ஆள் பின்னால் போனான், முன்னால் வந்தான், கையை நீட்டினான். பந்து கையுறையில் பட்டுத் தெறித்து விழுந்தது. திரையில் 'பிழை' என்று வந்தது. வின்ஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். "ரோசலி, பாத்தியா" என்று சொன்னான். ரேடியேட்டரில் இருந்து ஆவி வருகிற மாதிரி மூச்சு வந்தது அவனுக்கு.

பிழையா, நல்ல அடியா என்று சொல்வதற்கு அரங்கத்தின் மேல்தட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். அவன் தீர்ப்புத்தான் தீர்ப்பு. அந்தப் புண்ணியவான் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறான். வெயில் கண்ணில் அடித்தது, பிடித்திருக்க முடியாது, இதைப் பிழை என்று எழுதுவது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கும்போது பிழை காணாமல் போயிருந்தது. அங்கே நல்ல அடி என்று இருந்தது. ஒன்றுக்கு ஒன்று. அந்தப் பிரிவு யாருக்கும் இல்லை. மொத்தம் ஐந்துக்கு ஐந்து.

சமன் போதாது.

திரும்பி வரும் வழியில் வின்ஸ் ஒரே ஒரு விஷயம்தான் பேசினான். "அவன்கிட்ட சொல்லிடாத லோர்னா. நான் தந்திரம் பண்ணித் தோக்கடிச்சேன்னே நெனச்சுக்கட்டும். என்னத் திட்டட்டும், மூஞ்சில முழிக்க வேணாம். இரக்கப்பட்டோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்." நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நிஜமாகவே திறக்கவும் இல்லை. அதற்குத் தேவையே வரவில்லை.

திங்கள்கிழமை காலை, நாற்காலிகள் இன்னும் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தபோதே நார்ப் வந்துவிட்டான். அதே இஸ்திரி போட்ட சட்டை. உட்காரவில்லை.

"காபி போடட்டுமா?"

"வேணாம். ஒரு விஷயம் எனக்குப் புரியல, கேட்டுட்டுப் போறேன். ஜெயிச்சுகிட்டு இருக்கறவன் கடைசி நாள்ல எதுக்கு ஆள இறக்கினான்?"

"எனக்கென்ன தெரியும். வின்ஸைத்தான் கேக்கணும்."

"பிட்சர் ஒருத்தன் இல்ல. எல்லாம் ஃபீல்டருங்க. அதுவும் எப்பேர்ப்பட்டவனுங்க! அந்த மூணாம் தளத்துப் பையன அவனப் பெத்தவளே அணியில சேக்க மாட்டா. ஊர்ல இருக்கற ஓட்டக் கையெல்லாம் பொறுக்கி எடுத்திருக்கான். தப்பு நடக்கணும்னு நெனைக்கறவன்தான் அப்படி எடுப்பான்."

நான் ஏற்கனவே துடைத்த டம்ளரை மறுபடியும் துடைத்தேன்.

"கேம்ப்ல சிக்னல் கெடையாது. அங்க போய் யார் சொன்னா அவன்கிட்ட?"

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். முப்பது வருஷம் இரும்பில் கோணலைத் தேடிய கண்.

"வெள்ளிக்கெழமை ராத்திரி நான் சொன்னேன் உன்கிட்ட. சனிக்கெழமை நீ இங்க இல்ல. வேற ஆள் நின்னான்." அவன் மெதுவாகப் பேசினான், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. "அப்ப திங்கக்கெழமை அவன் மறக்கல. தந்திரமும் பண்ணல. தோக்கறதுக்குத்தான் போயிருக்கான். நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுகிட்டு."

"நார்ப், உன்ன விட்டுட எங்களுக்கு மனசு வரல. அதான். வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணு சொல்றேன் கேளு, இந்த விதியத் தூக்கிக் குப்பையில போடறேன், நான்தான் கமிஷனர்..."

"நான் வெள்ளிக்கெழமை இங்க உக்காந்து என் மச்சான் மூளையப் பத்திப் பீத்திகிட்டேன். நீ மீனை வச்சிட்டு எல்லாத்தயும் கேட்டுகிட்டு நின்ன."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

"ரோசலி போனதுக்கப்புறம் எனக்குக் காலைல எந்திரிக்கணும்னு தோணினதே இல்ல, லோர்னா. இந்த ஒரு வாரம் தோணுச்சு. யாரோ ஒருத்தன் எதிர்ல நின்னு என்னை நெஜமா அடிக்கறான், நான் திருப்பி அடிக்கணும்னு தோணுச்சு. தோத்ததுகூடப் பரவால்லன்னு இருந்துச்சு. நல்ல ஆள்கிட்டத்தான தோத்தோம்னு." அவன் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். "எதிர்ல ஆளே இல்ல. அந்தச் சண்டையையும் நீங்கதான் எனக்குச் செஞ்சு குடுத்திருக்கீங்க."

"நார்ப்..."

"போனை எடு. என்னை எடுத்துவிடு."

"முடியாது."

"உன் வேலை அது. செய்."

அவன் போகவில்லை. நான் அழுவதைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல், வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி நின்றான். போனை எடுத்து அவன் பெயரைத் தொட்டேன். நிச்சயம்தானா என்று அது கேட்டது. அழுத்தினேன். அவன் சட்டைப் பையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தான், பையில் போட்டுக்கொண்டான், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

வின்ஸ் இப்போதும் வாரா வாரம் போய்த் தட்டுகிறான். திரைச்சீலையும் அசைவதில்லை. குரூப்பில் எவரும் ஒன்றும் எழுதுவதில்லை. எழுதினாலும் "சரி" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்த வீட்டுக்குள் போக எங்களிடம் இருந்ததே ஒரு வழிதான், அதை மூடியது என் விரல்.